ரிசார்ட் கடையா, மால் ஷோரூமா, ஜவுளிக்கடையா: சேருவதற்கு முன் ஒரு கணக்கு

சென்னையிலிருந்து போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈ.சி.ஆரில், முட்டுக்காடு பாலத்தைத் தாண்டிவிட்டால் மாமல்லபுரம் வரை ரிசார்ட்டுகள்தான். சிலவற்றுக்குக் கடல் ஒன்றே போதும். மற்றவை ஏதாவது ஒரு தீம் எடுத்துக்கொள்ளும்: செட்டிநாட்டு வீட்டு முகப்பு, திண்ணை வைத்த கிராமம், பல்லவர் தூண் மாதிரி வார்த்த சிமென்ட் தூண். இந்த வகை ஹோட்டலில் வரவேற்பறையை ஒட்டி ஒரு கடை இருக்கும். தலையாட்டி பொம்மை, சுங்குடிச் சேலை, கைக்கடக்கமான கல் பிள்ளையார், கூடவே நீச்சல் உடையும் பல் துலக்கும் பிரஷும். அந்தக் கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் இந்தக் கேள்வி தனியாக வருவதில்லை. "ரிசார்ட்ல கூப்பிடுறாங்க, மால்லயும் ஒரு ஷோரூம்ல ஓகே சொல்லிட்டாங்க, மாமா தி.நகர் ஜவுளிக்கடையில சொல்லி வைக்கிறேங்கிறார்" என்று மூன்றும் சேர்ந்தே வரும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளச் சீட்டு ஹோட்டல் பெயரில் வருமென்றால் ரிசார்ட்டுக்குப் போங்கள். வேறு யார் பெயரிலோ வருமென்றால் மால் நல்லது. ஜவுளிக்கடை, தங்க இடமில்லாமல் வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும், பின்னாளில் சொந்தக் கடை போடும் எண்ணம் உள்ளவர்களுக்கும்.

ரிசார்ட்டுக்குள் இருப்பதாலேயே அந்தக் கடை ரிசார்ட்டுடையது ஆகிவிடாது. மூன்று விதமாக நடத்துகிறார்கள். ஹோட்டலே சரக்கு வாங்கி விற்பது ஒன்று. வெளியார் ஒருவர் அந்த இடத்தை வாடகைக்கோ விற்பனைப் பங்குக்கோ எடுத்து நடத்துவது இன்னொன்று. கடை ஹோட்டலுடையதாக இருந்தும் ஆட்களை மட்டும் ஏஜென்சி அனுப்புவது மூன்றாவது. விருந்தாளிக்கு இது எதுவும் தெரியாது. மூவருக்கும் ஒரே மாதிரி வேட்டியோ பாவாடை தாவணியோ உடுத்தித்தான் நிறுத்துவார்கள். வேலை பார்ப்பவருக்கு மட்டும் எல்லாமே மாறும். ஸ்டாஃப் கேன்டீன் சாப்பாடு, திருவான்மியூரிலிருந்து வரும் ஸ்டாஃப் பஸ், துணி துவைத்துத் தரும் வசதி, தங்குமிடம் எல்லாம் பொதுவாக ஹோட்டல் ஆட்களுக்குத்தான் முதலில். வாடகைக் கடைக்காரரின் ஆள் கேன்டீனில் டோக்கன் வாங்க வேண்டியிருக்கலாம், பஸ்ஸில் இடமிருந்தால் ஏறிக்கொள்ளலாம் என்ற நிலையிலும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் சட்டத்தில் இருக்கிறது. பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி கட்டாயமாவது 20 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கும், வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கும் 10 பேர். பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க 2013 சட்டப்படி உள்குழு அமைக்க வேண்டியதும் 10 பேர் இருந்தால்தான். அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போக வேண்டும். ஈ.சி.ஆரின் அந்தப் பகுதி சென்னை மாவட்டம்கூட இல்லை, செங்கல்பட்டு. ஆக, உங்கள் முதலாளிக்கு அந்த ஒரே கடை, அதில் நாலே பேர் என்றால், ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் வளாகத்துக்குள் இருந்துகொண்டே நீங்கள் நாலு பேர் கடையின் ஆள்தான். தெருமுனைப் பெட்டிக்கடைக்கு என்ன பாதுகாப்போ அதுதான் உங்களுக்கும். நேர்காணலில் "சம்பளம் எவ்வளவு" என்பதற்கு முன்னால் "ஆஃபர் லெட்டர் எந்த கம்பெனி பெயரில் வரும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடம் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்க்கலாம். இவை சந்தை நிலவரம் இல்லை, கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் ஆஃபரில் உள்ளதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் 16,000 ரூபாய் தருகிறது, அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000 என்று வைப்போம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440. இ.எஸ்.ஐ.க்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 120. கையில் 14,440. சாப்பாடும் பஸ்ஸும் அவர்களுடையது. மால் ஷோரூம் 18,000 தருகிறது, அடிப்படை 15,000. பிடித்தம் 1,800, 135. கையில் 16,065. வெளியே சாப்பிட ஒரு நாளைக்கு 80 ரூபாய், போக வர 50 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 3,380 போய்விடும். மிச்சம் 12,685. மூன்றாவதாக, ரிசார்ட்டுக்குள் கடை வைத்திருக்கும் வெளியார் "பிடித்தமே கிடையாது, 17,000 முழுசா கையில" என்கிறார். கேட்க இனிப்பாக இருக்கும். ஈ.சி.ஆரில் சாப்பாட்டுக்கு 100, பஸ்ஸுக்கு 80 என்று வைத்தால் 4,680 கழிந்து 12,320. அதிகம் போலத் தெரிந்த ஆஃபர் கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. அதோடு முதல் இரண்டிலும் உங்கள் பங்குக்குச் சமமாக முதலாளியும் பி.எஃப்.பில் போடுகிறார், அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போனாலும் அது உங்கள் பணம்தான். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது குடும்பத்துக்கே மருத்துவம், கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் அம்மாவுக்குச் சிகிச்சை எடுத்த குடும்பங்களைக் கேட்டால் அந்த 120 ரூபாயின் மதிப்பு தெரியும்.

'சர்வீஸ் சார்ஜில் பங்கு வரும்' என்று ஆசை காட்டினால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹோட்டல்களும் உணவகங்களும் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் சரி என்றது. பழைய ஆட்கள் சொல்லும் 'மாசம் இவ்வளவு வந்துச்சு' கதை இப்போது ஓடாது. கடை ஆட்களுக்கு அந்தப் பங்கு போவது அதற்கு முன்பும் அபூர்வம்தான்.

ரிசார்ட் கடையின் நாள் எப்படி ஓடும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாத ஒன்று. மாலில் மதியம் மெதுவாகத் தொடங்கி இரவு வரை கூட்டம் ஏறிக்கொண்டே போகும், ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். ரிசார்ட்டில் இரண்டே அலை. காலைச் சிற்றுண்டி முடித்து அறையைக் காலி செய்யும் நேரம், பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒன்று. கடலிலும் நீச்சல் குளத்திலும் ஆடிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சுற்றி வரும் நேரம் இன்னொன்று. நடுவில் கடை வெறிச்சோடிக் கிடக்கும். அதனால் பல இடங்களில் பிரேக் ஷிஃப்ட் போடுவார்கள்: காலை ஒன்பதரையிலிருந்து ஒன்றரை, மறுபடி மாலை ஆறிலிருந்து பத்து. தாளில் எட்டு மணி நேர வேலை. வாழ்க்கையில் அது முழு நாள். வேளச்சேரியில் வீடு என்றால் நடுவில் போய் வர முடியாது.

கடைகளுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1947ஆம் ஆண்டுடையது. ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை, மேல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இடைவேளையும் சேர்த்து மொத்த நேரம் 12 மணிக்குள் அடங்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மேலே சொன்ன ஒன்பதரை முதல் பத்து வரை என்பது பன்னிரண்டரை மணி. இதைச் சட்டம் பேசித் தீர்க்க முதல் வாரத்திலேயே கிளம்ப வேண்டாம். ஆனால் நேர்காணலில் "பிரேக் ஷிஃப்டா, நேர் ஷிஃப்டா, நடுவுல படுக்க ரூம் இருக்கா" என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. படுக்க இடமும் குளிக்க இடமும் இருந்தால் பிரேக் ஷிஃப்ட் பரவாயில்லை, அந்த நேரத்தில் ஒரு தேர்வுக்குப் படித்தவர்கள் உண்டு. இல்லையென்றால் லாக்கர் ரூம் பெஞ்சில் உட்கார்ந்தே மதியங்கள் கழியும்.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கோவளம் அதில் பாதிக்குச் சற்று மேல். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகர் பஸ்ஸில் 2021 மே முதல் பயணம் இலவசம். ஆனால் அந்த வழியில் வருவதெல்லாம் சாதாரணக் கட்டண பஸ் இல்லை, டீலக்ஸ் வந்தால் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். இரவு பத்துக்கு மேல் ஈ.சி.ஆரில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டும் வேலையை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதே இடத்தில் மால் ஜெயித்துவிடுகிறது: அண்ணா நகர் வி.ஆர். மாலுக்குத் திருமங்கலம் மெட்ரோ, ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ, இரண்டும் பக்கம்.

பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளை நாள் முழுக்கத் திறந்து வைக்கலாம் என்று 2019இல் அரசு அனுமதித்தபோதே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வைத்திருக்க எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சேரும் நாளில் கையெழுத்துக்கு நீட்டும் கட்டுத் தாள்களுக்குள் அந்தச் சம்மதமும் இருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள். வண்டி வீட்டு வாசல் வரை வருமா, மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

விற்கிற வேலை என்று பார்த்தால் மூன்றில் ரிசார்ட்தான் சுவாரசியம். மாலில் பிராண்ட் சொல்லிக் கொடுத்த வசனத்தைச் சொல்கிறோம். சைஸ், கலர், ஆஃபர், மெம்பர்ஷிப் கார்டு. ஜவுளிக்கடையில் கை வேகம், மடித்து அடுக்கும் பழக்கம், வாடிக்கையாளர் முகம் பார்த்து விலை வரம்பைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம். ரிசார்ட்டில் கதை தெரிந்தால்தான் பொருள் நகரும். தஞ்சாவூர் பொம்மை ஏன் சாய்த்தாலும் எழுகிறது, சுவாமிமலைச் சிலையை மெழுகில் செய்து மண் பூசி மெழுகை உருக்கி வார்ப்பதால் ஏன் ஒவ்வொன்றும் தனி, கண்டாங்கிச் சேலையின் கட்டம் எந்த ஊர்ப் பெண்கள் உடுத்தியது, பத்தமடைப் பாய் எந்தக் கோரையில் நெய்வது. ஹைதராபாத்திலிருந்து வந்த குடும்பமோ பிரான்ஸிலிருந்து வந்த தம்பதியோ இதைக் கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார்கள். கொஞ்சம் ஆங்கிலம், பிழைக்கும் அளவு இந்தி, இரண்டு வார்த்தை தெலுங்கு இருந்தால் அந்தக் கடையில் நீங்கள்தான் ராஜா.

கதையோடு சில கறாரான விஷயங்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மாமல்லபுரம் கல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதற்காகக் கடையில் உள்ள எல்லாக் கல்லும் மாமல்லபுரத்துச் சிற்பி கையில் செதுக்கியது என்று சொல்லிவிட முடியாது, மெஷினில் செய்ததும் இருக்கும். வெளிநாட்டு விருந்தாளி பெரிய வெண்கலச் சிலை வாங்கினால், விமான நிலையத்தில் பிரச்சினை வருமா என்று கேட்பார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போக 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. புதுச் சிலைதான் என்றாலும் பழசு போலத் தெரிந்தால், தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழ் கேட்கப்படலாம். பழமை தோற்றம் கொடுத்து விற்பதே தீம் ரிசார்ட்டின் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வி இங்கே அதிகம் வரும். பதில் தெரிந்த ஆளை மேனேஜர் எளிதில் விடமாட்டார். பில்லை அறைக் கணக்கில் ஏற்றுவது, ஏற்றிய பில்லில் கையெழுத்து வாங்கத் தவறினால் செக்-அவுட்டில் சண்டை வருவது, மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ணும்போது காணாமல் போன சின்னப் பொருட்களுக்கு யார் பொறுப்பு என்பது இன்னொரு பக்கம். குறைந்த சரக்கைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பது மால், ரிசார்ட் இரண்டிலும் கேட்டே தீர வேண்டிய கேள்வி.

டார்கெட் அழுத்தம் மாலில் அதிகம், அதற்கேற்ற ஊக்கத்தொகையும் அங்கேதான். ரிசார்ட்டில் எத்தனை அறை நிரம்பியதோ அவ்வளவுதான் வாடிக்கையாளர், நீங்கள் தலைகீழாக நின்றாலும் மழைக்கால செவ்வாய்க்கிழமையில் விற்பனை வராது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு புயல் சின்னம் உருவானாலே புக்கிங் ரத்தாகும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான். அப்படி ஆள் இல்லாத நாட்களில் கட்டாய விடுப்பு கொடுத்துச் சம்பளத்தைப் பிடிக்கும் வழக்கம் உண்டா என்று விசாரியுங்கள். இன்னொரு பக்கம், ரிசார்ட்டில் கல்யாணம் வைப்பது பெருகிவிட்டதால் தாம்பூலப் பையும் வருகிறவர்களுக்கான பரிசுப் பொருளும் மொத்தமாகப் போகிறது. ஆடியில் படுத்திருக்கும் கடை ஆவணியிலும் தையிலும் எழுந்துவிடும். ஆடியில் நேர்மாறாக ஜவுளிக்கடையில் தள்ளுபடிக் கூட்டத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது.

பண்டிகை எங்கேயும் இல்லை, அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முந்தைய இரவு வரை நிற்க வேண்டும், ஆனால் தீபாவளி அன்று வீட்டில் இருக்கலாம். மாலில் தீபாவளி மாலையே வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ரிசார்ட்டில் டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை, பிறகு பொங்கல், காணும் பொங்கல், அப்புறம் ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. லீவு கேட்கவே முடியாது. காணும் பொங்கலுக்கு மாமல்லபுரத்தில் சேரும் கூட்டத்தில் வேலைக்குப் போய்ச் சேர்வதே தனிப் பாடு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, கூட ஐந்து பண்டிகை என ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் அல்லது மாற்று விடுமுறை. மாற்று விடுமுறை என்று எழுதி வைத்துவிட்டு வருடக் கடைசியில் காலாவதியாக்கும் இடங்கள் உண்டு. அந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போடும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஹோட்டலில் தாடி, செருப்பில்லாத கால், கறுப்பு உடை மூன்றுக்கும் பொதுவாக இடமில்லை, மண்டல காலமோ அவர்கள் சீசனில் வருகிறது. வருடா வருடம் போகிறவர் என்றால் சேரும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கார்த்திகை ஒன்றாம் தேதி தாடியோடு போய் நின்றால் இரண்டு பக்கமும் சங்கடம்.

ஜவுளிக்கடையைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை, தென் மாவட்டங்களில் வீட்டுக்கு ஒருவராவது ரங்கநாதன் தெருவையோ உஸ்மான் சாலையையோ பார்த்திருப்பார்கள். தங்குமிடமும் சாப்பாடும் கடையே தருவது பெரிய உதவி. முதல் மாதமே ஊருக்குப் பணம் அனுப்பலாம். விலை, நெசவு, மொத்தக் கொள்முதல் என்று வியாபாரத்தின் உள்விவரம் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, கால்கள். நாள் முழுக்க நிற்க வைக்கும் வழக்கத்துக்கு எதிராகத்தான், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் ரிசார்ட் கடைக்கும் மால் ஷோரூமுக்கும் சேர்த்தே பொருந்தும். நேர்காணலுக்குப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று கண்ணை ஓட்டினால் அந்த இடத்தின் குணம் பாதி தெரிந்துவிடும்.

வி.ஜி.பி., எம்.ஜி.எம். போன்ற பொழுதுபோக்குப் பூங்காக்களின் கடைகளும் இதே சாலையில் இருக்கின்றன. மாலையில் பூங்கா மூடுவதால் வீட்டுக்கு நேரத்தோடு வரலாம். விற்பது தொப்பி, பலூன், மாற்றுத் துணி. பள்ளிக் குழந்தைகள் வைத்திருக்கும் அம்மாக்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். வேலை கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு அங்கே அதிகமில்லை.

எதிர்காலம் என்று கேட்டால், மாலின் வழி நேராக இருக்கிறது: சேல்ஸ், சீனியர் சேல்ஸ், துறைப் பொறுப்பு, ஸ்டோர் மேனேஜர். வேறு பிராண்டுக்கு மாறினாலும் அனுபவக் கடிதம் செல்லும். ரிசார்ட் கடை சின்னது, மேலே போக இரண்டு படிதான். ஆனால் பக்கவாட்டில் கதவு இருக்கிறது. முன்வரவேற்பு, விருந்தாளி தொடர்பு, கல்யாண மண்டப விற்பனை என்று வளாகத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம், அதுவும் ஹோட்டல் பெயரில் சம்பளம் வாங்குபவருக்குத்தான். வாடகைக் கடைக்காரரின் ஆளை ஹோட்டல் இழுத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களுக்குள் ஒப்பந்தமே போட்டிருக்கலாம். இருபது வயதில், வீட்டுப் பொறுப்பு இன்னும் தலைக்கு வராத, நாலு பேரோடு பேசப் பிடிக்கிற ஆளுக்கு இந்தப் பக்கவாட்டுக் கதவுக்காகவே ரிசார்ட்டைச் சொல்வேன். சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும்.

குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்றால் பயப்பட வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அப்படிச் சேர்பவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வருகிறது, மற்றவர்களுக்குப் பழையபடி ஐந்து வருடம். ஆனால் "ஒப்பந்தம்" என்ற ஒரே வார்த்தையை ஏஜென்சி ஆளுக்கும் சொல்வார்கள். யாரோடு ஒப்பந்தம் என்பதைப் பாருங்கள்.

சேர முடிவெடுத்தால் பிப்ரவரி, மார்ச் நல்ல மாதம். சீசன் முடிந்து பழைய ஆட்கள் சிலர் விலகியிருப்பார்கள், ஏப்ரல் கூட்டத்துக்கு முன் சொல்லிக்கொடுக்க மற்றவர்களுக்கு நேரம் இருக்கும். டிசம்பர் நடுவில் சேர்ந்தால் பில் போடக் கற்றுக்கொள்ளும் முன்பே வரிசை நிற்கும். போகும்போது ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், முன்பு பி.எஃப். இருந்திருந்தால் அந்தக் கணக்குக்கான யு.ஏ.என். எண் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு போங்கள். பழைய யு.ஏ.என்.னிலேயே தொடரச் சொல்லுங்கள், புது எண் போட்டுவிட்டால் பிறகு இணைக்க அலைய வேண்டும். பிளஸ் டூ மார்க் ஷீட்டின் அசலை 'பத்திரமா வச்சிருக்கோம்' என்று கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அசலைக் கொடுத்தால்தான் வேலை என்றால், மால் ஆஃபர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அன்றைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.